குமரியில் பித்தளை தேடிய ஐந்து நாள்

டிசம்பர் 20, நாகர்கோவில்

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தான். மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி, நாகர்கோவிலில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். "அத்தான், கோட்டாத்துல ஒரு ஆக்கர்கடையில பித்தளையில பைனாகுலர் மாதிரி ஒண்ணு கெடக்கு. ஆனா ஒத்தக் கண்ணுதான். திங்கக்கிழமை உருக்குறதுக்கு லோடு ஏத்திருவாங்களாம்." அதோடு என் தூக்கம் போயிற்று. சென்னைப் பக்கம் காயலான் கடை என்பார்களே, அதுதான் இங்கே ஆக்கர்கடை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தொழிலே லென்ஸ் என்பதால் வந்த பைத்தியமோ என்னவோ, பதினைந்து வருடமாக ஒளியை வைத்து அளக்கிற பழைய பித்தளைக் கருவிகளைச் சேர்த்து வருகிறேன். லெவல், தியோடலைட் (நிலத்தில் கோணம் அளக்கிற சர்வே கருவி), ஸ்பெக்ட்ரோமீட்டர், செக்ஸ்டன்ட், இந்த ஜாதி. அலமாரியில் வைத்து அழகு பார்க்க இல்லை. வாங்கியதைச் சரி செய்து, அது எதை அளக்கப் பிறந்ததோ அதை ஒரு தடவையாவது அளந்து பார்த்துவிட வேண்டும். அளக்க முடியாததை வாங்குவதில்லை என்று ஒரு கொள்கை, அதை இதுவரை ஏழெட்டு தடவை மீறியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

காலை பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது தூறல். காற்றாலைகள் பாதி சுற்றுகின்றன, பாதி சும்மா நிற்கின்றன. வடசேரியில் இறங்கியதும் மாப்பிள்ளை பைக்கோடு நின்றான், ஒரு ரசவடை சாப்பிடக்கூட விடாமல் அவனை இழுத்துக்கொண்டு கோட்டாறு போனேன்.

கடையில் குக்கர் மூடி, உடைந்த குத்துவிளக்கு, பழைய தண்ணீர் மோட்டார் எல்லாம் மலை மாதிரி கிடந்தன. அதற்கடியில் ஒன்றரை அடிக் குழாய் ஒன்று, பச்சைக் களிம்பு பிடித்து. எச்சில் தொட்ட கட்டைவிரலால் துடைத்தேன். கையெழுத்து மாதிரி சாய்ந்த எழுத்தில் 'ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ், லண்டன்'. கை நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அது டம்பி லெவல். 1832-ல் வில்லியம் கிராவட் என்ற எஞ்சினியர் வடிவமைத்தது, கட்டையாகக் குட்டையாக இருந்ததால் அந்தப் பெயர். பழைய கருவிகளில் வயது பெரும்பாலும் பெயரிலேயே ஒளிந்திருக்கும். ட்ரௌட்டனோடு சிம்ஸ் கூட்டுச் சேர்ந்தது 1826-ல். 1922-ல் குக் கம்பெனியோடு இணைந்து பெயர் 'குக், ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ்' என்று நீண்டுவிட்டது. ஆகவே குக் இல்லாமல் இந்த இரண்டு பெயர் மட்டும் இருந்தால், டம்பி லெவலைப் பொறுத்தவரை 1832-க்கும் 1922-க்கும் நடுவில் பிறந்தது.

கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் தெரியுமல்லவா, அதன் தலையில் ஒரு தொலைநோக்கியைக் கட்டிவிட்டால் அதுதான் டம்பி லெவல். குமிழி நடுவில் நின்றால் பார்வைக்கோடு படுக்கையாக இருக்கிறது என்று அர்த்தம். தூரத்தில் ஒருவர் அளவுகோலை நட்டுப் பிடிப்பார், இங்கிருந்து குறுக்குக் கம்பி எந்த எண்ணில் விழுகிறது என்று படிக்க வேண்டும், பிறகு அவர் இன்னோர் இடத்துக்குப் போவார், மறுபடி படிக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேடுபள்ளம். 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய் கால்வாயாகத் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மோட்டார் இல்லாமல் ஓடுகிறதே, அந்த மாதிரி வேலைக்கெல்லாம் அடிப்படை இப்படிக் குனிந்து குனிந்து படித்த எண்கள்தான்.

கடைக்காரர் ஒரு பழைய ஓவர்சியர் வீட்டை இடித்தபோது சாமான்களோடு எடுத்ததாகச் சொன்னார். தராசில் போட்டார். மூணு கிலோ எண்ணூறு. "கிலோவுக்கு அறுநூறு போட்டுத் தாரும் சாரே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இல்ல அண்ணாச்சி, அஞ்சாயிரம் வெச்சுக்கோங்க" என்றேன். மனிதர் சட்டென்று கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப இது என்னது? உள்ள தங்கம் இருக்கா?" பிறகு அரை மணி நேரப் பேரம், பத்தாயிரத்தில் ஆரம்பித்து ஆறாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா அத்தான்" என்று மாப்பிள்ளை வழி நெடுகப் புலம்பினான்.

வீட்டில் வைத்துப் பார்த்ததில் முன்லென்ஸ் நன்றாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் பூஞ்சை. குமிழிக் குழாய் உடைந்திருக்கிறது. குறுக்குக் கம்பி இல்லை. கம்பி என்று சொல்கிறோம், அந்தக் காலத்தில் அது சிலந்தி நூல். மனிதனால் அவ்வளவு மெல்லிசாக, அவ்வளவு உறுதியாக ஒன்றை இழுக்க முடியாததால், சர்வேக்காரர்கள் சிலந்தியைப் பிடித்து நூல் எடுத்துச் சின்னப் பித்தளை வளையத்தில் அரக்கு வைத்து ஒட்டுவார்கள்.

குளித்துவிட்டு வந்தால் மாப்பிள்ளையின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். "அண்ணே, பாத்தீங்களா, புளி போட்டுத் தேச்சேன், விளக்கு மாதிரி மின்னுது." லென்ஸ் மூடி. அதிர்ஷ்டவசமாக மூடி மட்டும்தான். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு மேலே அரக்குக் கரைசலில் மெல்லிய லாக்கர் பூச்சு இருக்கும், அந்தத் தேன் நிறமே அதனால்தான். புளியும் எலுமிச்சையும் அதை உரித்து, கீழே பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தையும் தின்று, செம்பு நிறமாக விட்டுவிடும். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி, மிச்சத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தேன்.

டிசம்பர் 21, நெய்யூர் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்க கிறிஸ்துமஸ் நட்சத்திரம், வீட்டுக்கு வீடு குடில். இந்த மாவட்டத்தில் டிசம்பர் கடைசி வாரம் வந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு முடுக்குகூட இருட்டாக இருக்காது.

நெய்யூருக்கு நான் போனதற்கு ஒரு காரணம் ஆசை, இன்னொரு காரணம் மாப்பிள்ளையின் வாடிக்கையாளர் ஒருவர். ஆசையை முதலில் சொல்கிறேன். லண்டன் மிஷன்காரர்கள் 1838-ல் ஆரம்பித்த மருத்துவப் பணி இங்கே இருந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த டி. எச். சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரின் கூட்டத்தையும் மருத்துவர் தட்டுப்பாட்டையும் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய் 28,000 அடி வரை ஏறித் திரும்பி, அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் கத்தி பிடித்தார். இதில் எனக்குப் பிடித்த முடிச்சு என்னவென்றால், எவரெஸ்ட் என்பது ஒரு தியோடலைட்காரரின் பெயர். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த சர்வேயை நடத்தியவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவருக்கு முன்னால் அதை ஆரம்பித்தவர் வில்லியம் லாம்டன். அந்த அளவையின் தென்கோடி எங்கே என்பதை நாளன்றைக்குச் சொல்கிறேன்.

இப்போது அந்த வாடிக்கையாளர் சொன்ன வீடு. ஓட்டு வீடு, முற்றத்தில் மட்டி வாழை. எண்பது வயதுக்கு மேல் ஒரு பாட்டி. அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் ரத்தம், மூத்திரம் பார்க்கிற வேலையில் இருந்தவராம். "வாங்க மக்களே, கிழங்கும் மீனும் இருக்கு, முதல்ல சாப்பிடுங்க" என்று மரச்சீனியும் சாளைக் குழம்பும் வைத்து, நாங்கள் கை கழுவின பிறகுதான் அலமாரியைத் திறந்தார். வெல்வெட் துணியில் சுற்றிய விரல் நீளக் குழாய். "பிள்ளையள் வெச்சி விளையாடும். தூரத்துல உள்ளது ஒண்ணும் தெரியாது, ஆனா கலர் கலராத் தெரியும்."

தூரம் தெரியாது, கலர் தெரியும் என்றதுமே புரிந்துவிட்டது. நேர்பார்வை ஸ்பெக்ட்ரோஸ்கோப். குழாய்க்குள் இரண்டு வகைக் கண்ணாடியில் செய்த முப்பட்டகங்களை மாற்றி மாற்றி ஒட்டி, ஒளி வளைந்து வேறு பக்கம் போகாமல் நேராகவே வந்து நிறமாகப் பிரியும்படி செய்திருப்பார்கள். முன்னால் ஒரு மெல்லிய பிளவு, வளையத்தைத் திருகினால் அகலும், சுருங்கும். ரத்தத்தை நீர்த்து இதன் முன்னால் பிடித்தால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இரண்டு கறுப்புப் பட்டை தெரியும், கரிப்புகை ஏறிய ரத்தமா என்பதையெல்லாம் பட்டைகளின் இடத்தை வைத்துச் சொல்வார்கள்.

முற்றத்துக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்த்தேன் (சூரியனை நேராக அல்ல, ஒரு கண்ணாடிக்கடைக்காரனாக இதை அடித்துச் சொல்கிறேன்). பிளவைச் சுருக்கச் சுருக்க, வானவில்லுக்குள் மயிரிழைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1814-ல் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஜெர்மன் லென்ஸ்காரர் சூரிய ஒளியில் உட்கார்ந்து ஐந்நூறுக்கு மேல் எண்ணிக் குறித்த கோடுகள். நூறு வயதுக் கண்ணாடி, ஒட்டுப்பசை எங்கும் பிரியவில்லை. அப்புறம் பாட்டி வீட்டுத் திண்ணையிலிருந்தே ஊரைப் பார்த்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பழைய காகித நட்சத்திரத்தில் குண்டு பல்பு: சிவப்பிலிருந்து ஊதா வரை விட்டுப்போகாத பட்டை. எதிர்வீட்டு டியூப்லைட்: பச்சையில் ஒரு கோடு கத்தி மாதிரி, அது பாதரசத்துடையது, 546 நானோமீட்டர். புது எல்இடி நட்சத்திரம்: நீலத்தில் ஒரு திட்டு, நடுவில் ஒரு சரிவு, பிறகு பச்சையும் மஞ்சளும் அகலமாக. பாட்டியின் பேத்தி குழாயைக் கொடுக்கவே மாட்டேன் என்றாள். கேரல் பாடிக்கொண்டு வந்த பையன்கள் தலையில் ஆளுக்கொரு சிவப்புத் தொப்பியோடு வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த மஞ்சள் பகுதியில்தான் 1868 ஆகஸ்ட் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் வந்து காத்திருந்த ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புதுக் கோட்டைப் பார்த்தார். சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில், ஆனால் அதுவல்ல. அதுதான் பிற்பாடு ஹீலியம் ஆனது. பூமியில் கிடைப்பதற்கு முன்னால் ஒரு பித்தளைக் குழாயில் கிடைத்த பொருள்.

கேட்டேன். கேட்காமல் எப்படி வருவது. "இது விக்கிறதுக்கில்ல மக்களே" என்றார் பாட்டி, கோபமே இல்லாமல். பிளவில் தூசி ஏறாமல் எப்படி வைப்பது, துணியை எப்போது மாற்றுவது என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெறுங்கை. வழியில் மாப்பிள்ளை எதுவுமே பேசவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பான்.

டிசம்பர் 22, குளச்சல்

காலையில் மழை, பத்து மணிவரை வெளியே போகவில்லை. அப்புறம் குளச்சல். 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நினைவுத்தூணைக் கடந்து, கடற்கரைத் தெரு ஒன்றில் கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன் வீடு. இந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் போலவே வெளிநாட்டுக் கப்பலில் போனவர்களும் ஏராளம். வீட்டு வாசலில் நங்கூரம் வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முக்கோணப் பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். ஹென்றி ஹியூஸ் அண்ட் சன், லண்டன். செக்ஸ்டன்ட். கடலில் எங்கே நிற்கிறோம் என்று அறியச் சூரியனின் உயரத்தை அளக்கிற கருவி. மூடியின் உள்பக்கம் இங்கிலாந்தின் நேஷனல் பிசிக்கல் லேபரட்டரி சோதித்துக் கொடுத்த சான்றிதழ், மை பழுப்பேறியது. கல்கத்தாவில் படிக்கும் காலத்தில் பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம், கப்பலில் கம்பெனிக் கருவி இருந்தாலும் தன் கைக்கு இதுதான் என்று கொண்டுபோவாராம்.

இந்தக் கருவியின் சூட்சுமம் இரண்டு கண்ணாடியில் இருக்கிறது. மேல் கண்ணாடி ஒரு கையோடு சேர்ந்து திரும்பும், கீழே உள்ளது அசையாது, அதில் பாதிதான் ரசம் பூசியது. ரசம் பூசிய பாதியில் சூரியன், பூசாத பாதி வழியாகத் தொடுவானம். கையை நகர்த்தி நகர்த்திச் சூரியனைக் கீழே இறக்கித் தொடுவானத்தில் உட்கார வைத்தால், கை நிற்கும் இடத்தில் உயரத்தின் கோணத்தைப் படிக்கலாம். கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் பிம்பம் இரண்டு டிகிரி நகரும் என்பதால், வட்டத்தில் ஆறில் ஒரு பங்கான 60 டிகிரி வில்லில் 120 என்று எழுதியிருக்கும். 'செக்ஸ்டன்ட்' என்ற பெயரே அந்த ஆறில் ஒன்றுதான். இதன் அண்ணன், எட்டில் ஒன்றான ஆக்டன்ட், 1731-ல் ஹாட்லி காட்டியது. கப்பல் ஆடினாலும் சூரியனும் தொடுவானமும் சேர்ந்தே ஆடும், பிரியாது, அதனால்தான் கடலில் எடுபட்டது.

நான் வழக்கமாகப் பார்க்கிறதையெல்லாம் பார்த்தேன். வில்லின் வெள்ளிப்பட்டையில் கீறல் இல்லை, பாலிஷ் போட்டு யாரும் கோடுகளைத் தேய்க்கவில்லை (இது நடந்தால் கருவி செத்தது). கண்ணாடி ரசம் ஓரத்தில் மீன்செதில் மாதிரி உரிந்திருக்கிறது, உப்புக்காற்றில் அது நடக்கும். கறுப்புக் கண்ணாடிகள் விரிசல் இல்லாமல் இருக்கின்றன, அதில் விரிசல் இருந்தால் எடுத்தவன் கண் போய்விடும். வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் 10 விநாடி வரை படிக்கலாம் (கடிகார விநாடி அல்ல, ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி என்ற கோணக் கணக்கு).

விலை முப்பத்தையாயிரம் என்றார். முப்பதுக்குக் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, விலை பேசாதேயும். நாளைக்கு மத்தியானம் இதைக் கொண்டு குமரிக்குப் போய் ஒரு சூரியன் எடுத்துக்கிட்டு வாரும். அட்சரேகை சரியா வந்தா முப்பதுக்கே எடுத்துக்கும். வரலேன்னா பெட்டியைக் கொண்டாந்து இங்கேயே வெச்சிரும்."

"கருவி தப்பா இருந்து கணக்கு வராம போனா?" என்று கேட்டேன்.

"கருவி தப்பா இல்லியான்னு பாக்கத் தெரியணும்லா" என்றார். அப்போது இந்தப் பதிலை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

டிசம்பர் 23, கன்னியாகுமரி

ஒன்பது மணிக்கே வந்துவிட்டோம். சூரியன் உச்சிக்கு வருவதற்கு நேரம் இருந்ததால் கடற்கரைக் கடைகளைச் சுற்றினேன். சங்கு மாலைக்கும் பாசிக்கும் நடுவில் பித்தளைத் தொலைநோக்கி, பித்தளைத் திசைகாட்டி, குட்டி செக்ஸ்டன்ட். எல்லாம் தங்கம் மாதிரி மின்னுகின்றன. ஒரு திசைகாட்டியில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917'. கெல்வின் கம்பெனியும் ஹியூஸ் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்ததே 1947-ல். பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னாலேயே திசைகாட்டி செய்திருக்கிறார்கள். இதைக் கடைப்பையனிடம் சொன்னேன், "அது டிசைன் சார்" என்றான். நியாயம்தான். இவையெல்லாம் பெரும்பாலும் ரூர்க்கிப் பக்கத்தில் அலங்காரத்துக்காகச் செய்து வருபவை, அப்படியென்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. குட்டி செக்ஸ்டன்டை எடுத்துக் கண்ணில் வைத்தேன், இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. இணையத்தில் இதையே 'கப்பலில் கிடைத்த புராதனப் பொருள்' என்று இருபதாயிரம் சொல்கிறார்கள், அதற்குத்தான் வயிறு எரிகிறது.

பதினொன்றரைக்குப் பாறைமேல் இடம் பிடித்தேன். கண் உயரம் கடலிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர். டிசம்பரில் குமரி இதற்கென்றே அமைந்த இடம்: சூரியன் நேர் தெற்கில் உச்சிக்கு வரும், நேர் தெற்கில் வெறும் கடல், தொடுவானம் நூல் பிடித்த மாதிரி. வேறு எங்கே போய் நிற்பது?

சுற்றிலும் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள். "சாமி, என்ன பாக்கீங்க?" என்று ஒருவர். சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கிறேன் என்றேன். "அளந்து?" "அளந்தா நாம எங்க நிக்கிறோம்னு தெரியும் சாமி." அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கன்னியாகுமரிலதான் நிக்கிறோம்" என்றார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரிக்கிறான்.

நமது கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, குமரி இருப்பது 77½ சொச்சத்தில், ஆகவே இங்கே உண்மையான நடுப்பகல் 12 மணி 19 நிமிடம் வாக்கில். பன்னிரண்டு மணியிலிருந்தே சூரியனை இறக்கித் தொடுவானத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறும், திருகைத் திருப்பி மறுபடி இறக்க வேண்டும். ஏறுவது குறைந்துகொண்டே வந்து, ஒரு இரண்டு மூன்று நிமிடம் அப்படியே தொங்கும். ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அந்த மாதிரி. பிறகு மெதுவாகக் கடலுக்குள் அமிழ ஆரம்பிக்கும். தொங்கியபோது படித்த எண்தான் நமக்கு வேண்டியது: 58 டிகிரி 14 நிமிடம்.

கணக்கு. உயரத்தில் நின்று பார்ப்பதால் தொடுவானம் தாழ்ந்து தெரியும், அதற்கு மூன்றரை நிமிடம் கழிவு. காற்று ஒளியை வளைப்பதற்கு அரை நிமிடம் கழிவு. நான் சூரியனின் கீழ்விளிம்பை உட்கார வைத்தேன், நடுப்புள்ளி வேண்டும், அதனால் 16 நிமிடம் கூட்டல். 58 டிகிரி 26 நிமிடம். 90-இலிருந்து கழித்தால் 31 டிகிரி 34. இன்றைக்குச் சூரியன் பூமத்தியரேகைக்குத் தெற்கே 23 டிகிரி 25 நிமிடத்தில் இருக்கிறது, அதையும் கழித்தால் 8 டிகிரி 9 நிமிடம்.

குமரிமுனை இருப்பது 8 டிகிரி 5 நிமிடத்தில். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல்மைல், 1.85 கிலோமீட்டர். அதாவது என் செக்ஸ்டன்ட்படி நான் கடலோரத்திலேயே இல்லை, ஏழு கிலோமீட்டர் வடக்கே தள்ளி, சுசீந்திரம் தெப்பக்குளத்து மட்டத்தில் நிற்கிறேன். ஐயப்ப சாமி சொன்னதே சரி.

உட்கார்ந்துவிட்டேன். வினோதம் பாருங்கள், லாம்டனின் தென்கோடி நிலையமும் இதே 8 டிகிரி 9 நிமிடச் சொச்சத்தில்தான். புன்னை என்று அவருடைய குறிப்புகளில் வரும் இடம். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (முதல் முக்கோணத்துக்காகத் தரையிலேயே அளந்த நேர்க்கோடு) போட்டு ஆரம்பித்த மனிதர், முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே குமரிக்குப் பக்கம் வரை வந்தார். அவருடைய பெரிய தியோடலைட் லண்டனில் கேரி செய்தது, வட்டம் மட்டும் 36 அங்குலம், எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய், என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808-ல் தஞ்சாவூரில் கோபுரத்து மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வட்டம் வளைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் புதிது கேட்டு எழுதிப் போட்டிருப்பார்கள். லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு ஆறு வாரம் ஆப்பும் திருகும் வைத்து மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தி, அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார். வளைந்துபோன வட்டத்தையே அவர் நேராக்கினார், எனக்கு நாலு நிமிடம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கேப்டனுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு. "பூச்சியத்துல வெச்சித் தொடுவானத்தைப் பாத்தீரா?"

பார்க்கவில்லை. பதினைந்து வருடம் சேர்க்கிறேன் என்று பெயர். செக்ஸ்டன்டைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்: கையைப் பூச்சியத்தில் வைத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டு கண்ணாடியிலும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். உடனே பார்த்தேன். கோடு படி மாதிரி உடைந்திருந்தது. திருகைத் திருப்பி ஒன்றாக்கிப் படித்தால், பூச்சியத்துக்கு அந்தப் பக்கம், வில்லுக்கு வெளியே, 4 நிமிடம்.

"உள்ள இருந்தா கழியும், வெளிய இருந்தா கூட்டும்" என்றார் கேப்டன். 58 டிகிரி 14 உடன் நாலைக் கூட்டினால் 18. மறுபடி கணக்கு போட்டேன், என் பேனா எழுதாததால் ஒரு டிக்கெட்டின் பின்னால் மாப்பிள்ளையின் பேனாவால் எழுதினேன். 8 டிகிரி 5 நிமிடம்.

"அந்த நாலு நிமிஷம் எனக்கு முப்பது வருஷமாத் தெரியும் தம்பி. திருகி சரி பண்ணலாம், நான்தான் பண்ணல. உமக்குத் தெரியுதான்னு பாத்தேன்." தெரியவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் முப்பதுக்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 24, திரும்பும் வழி

காலையில் குளச்சல் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். கேப்டன் வீட்டில் முந்திரிக்கொத்தும் கேக்கும். கண்ணாடியைத் திருகி அந்த 4 நிமிடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன், "உம்ம கருவி, உம்ம இஷ்டம்" என்றார். நான் தொடப் போவதில்லை. பெட்டிக்குள் சின்னச் சீட்டில் 'வெளியே 4, கூட்டு' என்று அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கி ஒட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் மனைவி கிளம்பும்போது டம்பி லெவலின் மிச்சத்தையும் தேய்த்துத் தரட்டுமா என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தப்பித்தேன்.

இனி அதற்குக் குமிழிக் குழாய் வேண்டும், கொத்தனார் ரசமட்டத்தில் வரும் குழாய் இதற்கு உதவாது, அதன் வளைவு அதிகம், குமிழி சோம்பேறியாக நிற்கும். அதைத் தேடிக்கொள்ளலாம். முதலில் குறுக்குக் கம்பி. ஓட்டடை நூல் ஆகாது, தூசி ஏறியிருக்கும், உயிரோடு சிலந்தி வேண்டும், அதைக் குச்சியிலிருந்து தொங்கவிட்டுப் புது நூலாக எடுத்து 'ப' வடிவக் கம்பியில் சுற்ற வேண்டும். கடை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல தடியாக ஒன்று இருந்தது, ஆடி மாதத்திலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது வீட்டில் மனைவிக்குப் போன் செய்து, மாடிப் பக்கம் யாரும் விளக்குமாற்றைக் கொண்டுபோக வேண்டாம் என்றேன்.

"நேத்துதான் ஏறி மொத்தமும் கூட்டித் தள்ளினேன். நீங்க வாரீங்களேன்னு" என்றாள்.